கார்ட்லெஸ்: கம்பியில்லாவா, வடமற்றதா, மின்கலமா?

நண்பர்களுக்கு வணக்கம். பிளக்கில் செருகாமல் பேட்டரியில் ஓடும் ட்ரில், ரம்பம் போன்ற கருவிகளை ஆங்கிலத்தில் கார்ட்லெஸ் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பது பற்றி நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> கார்ட்லெஸ்ஸுக்குக் 'கம்பியில்லா' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது, அதுதான் சிக்கலே. வயர்லெஸ்ஸுக்கும் அதையே வைத்திருக்கிறோம். கம்பியில்லாத் தந்தி காலத்திலிருந்து அந்தச் சொல் சேதி போகும் வழியைக் குறித்து வந்திருக்கிறது, மின்சாரம் வரும் வழியை அல்ல. இப்போது புளூடூத் வைத்த பேட்டரிகளும் வந்துவிட்டன. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் படிப்பவர் எதை எதுவென்று எடுத்துக்கொள்வார்?

இன்னொன்று, கட்டட வேலையில் கம்பி என்றால் கான்கிரீட்டுக்குள் போகும் முறுக்குக் கம்பி. அதைக் கட்டுவதற்கென்றே பேட்டரியில் ஓடும் கருவி உண்டு. அதன் கையேட்டை மொழிபெயர்த்தபோது 'கம்பியில்லாக் கம்பி கட்டும் கருவி' என்று நானே எழுதிவைத்தேன். மறுநாள் திரும்பப் படித்தபோதுதான் சிரிப்பு வந்தது.

> அப்படியானால் 'வடமற்ற' என்று வைக்கலாமே. கேபிளுக்கு வடம் நிலைத்துவிட்டது.

வடம் நல்ல சொல். ஆனால் இல்லாததைச் சொல்லிப் பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெட்ரோலில் ஓடும் ரம்பத்துக்கும் வடம் கிடையாது, அதை யாரும் கார்ட்லெஸ் என்பதில்லை. பேட்டரியை முதுகில் மாட்டிக்கொண்டு, அங்கிருந்து கையிலிருக்கும் கருவிக்கு ஒயர் இழுக்கும் வகையும் இருக்கிறது. வடம் கண்ணெதிரே தொங்குகிறது, ஆனாலும் அதன் பெயர் கார்ட்லெஸ்தான்.

வேலை செய்பவர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள்: பேட்டரி மெஷின், கரண்ட் மெஷின். எது தீனி போடுகிறதோ அதுவே பெயர். வாங்கும்போது அவர்கள் யோசிப்பதும் அதைத்தான். ஏணி மேல் நின்று ஒரு கையால் ஸ்க்ரூ முடுக்குபவருக்கு, ஒயர் ஏணிப் படியில் சிக்கி இழுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டு பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார். இரும்பையும் கல்லையும் அறுக்கும் கிரைண்டரின் கதை வேறு. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 90 வாட்-மணி, அதாவது 90 வாட் இழுக்கும் கருவியை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு. 900 வாட் இழுக்கும் கிரைண்டரை அதில் முழுச் சுமையில் ஓட்டினால் கணக்குப்படி 6 நிமிடம். நாள் முழுக்கத் தளம் உடைப்பவர் கரண்ட் மெஷினைத்தான் தேடுவார். அவருக்கும் தலைவலி உண்டு: மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை நீளமாக இழுத்தால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடேறும்.

ஆகவே என் பரிந்துரை: மின்கலக் கருவி, மின்வடக் கருவி. மின்கலத் துளைப்பான், மின்வடத் துளைப்பான் என்று எதனோடும் ஒட்டும். இதில் பின்னது தேவைப்பட்டதே முன்னதால்தான். 1961இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் பேட்டரி ட்ரில்லைக் கொண்டுவரும் முன், ட்ரில்லுக்கு ஒயர் இருக்கிறது என்று யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

> மின்கலம் என்றால் ஒரு செல். பேட்டரி என்றால் பல செல்கள்.

சரிதான். அந்த 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் செல்கள் ஐந்து தொடராக நிற்கின்றன. (சார்ஜ் முழுதாக ஏறியதும் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டைத் தொடும். அதே பேட்டரியைச் சில பெட்டிகளில் '20 வோல்ட்' என்று அச்சடிப்பதன் ரகசியம் இதுதான்.) பேட்டரியைத் தனியாகக் குறிக்கும் இடத்தில் மின்கல அடுக்கு என்றே எழுதுவோம். கருவியின் பெயரிலும் அதை நுழைத்தால், 'மின்கல அடுக்குத் துளைப்பான்' எதையோ அடுக்கடுக்காகத் துளைக்கும் சாதனம் போலத் தொனிக்கிறது.

பேட்டரியிலும் ஒயரிலும் ஓடும் கருவிகள் சிலவும் உண்டு. அவற்றுக்கு 'இருமூலக் கருவி' என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் மூலம் என்று கண்ணில் பட்டதும் வைத்தியர்தான் நினைவுக்கு வருகிறார். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.