புதுப்பிப்பு: விளையாட்டுப் பாடம் திரும்பி வந்ததா?

புலமைப்பரிசில் பரீட்சைக்கு வகுப்பு என்று சொல்லி, இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் எங்கள் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டுக்கு விளையாட்டுப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள் என்று முன்பு புலம்பியிருந்தேன், பலரும் என்ன ஆச்சு என்று கேட்டதால் இது.

பெற்றோர் சிலர் சேர்ந்து அதிபரிடம் பேசினோம். 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும், எலும்பும் தசையும் பலப்படுகிற மாதிரி ஓட்டம் குதிப்பு வாரம் 3 நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதை எழுதிக்கொண்டு போனேன். "மலை ஏறி இறங்கித்தானே வருதுகள்?" என்றார் படிப்பிக்கிற சேர் ஒருவர். நியாயம்தான், லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஏற்றத்தில் வேகமாக நடந்து வருகிற பிள்ளைக்கு அதுவும் கணக்கில் சேரும். ஆட்டோவில் வந்து இறங்குகிறதுகளுக்கு?

சரி, இப்போது வாரத்தில் 2 பாடவேளை திரும்பக் கிடைத்திருக்கிறது. மழை என்றால் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வகுப்பிலேயே கயிறடிக்கிறார்கள், பக்கத்து வகுப்பு டீச்சருக்குத்தான் தலைவலி. பின்னேரம் இன்னும் சிக்கல்தான்: பிள்ளைகள் விளையாடுகிற பிரட்டுக்களம் (தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற திடல்) சேறு, மிச்ச நேரம் டியூஷன், அதை நிறுத்த எந்த வீடும் தயாரில்லை (எங்கள் வீடும்தான்). பழைய டென்னிஸ் பந்து வைத்திருக்கிறவர்கள் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.