4 ஏக்கர் சரிவான புல்வெளிக்கு எந்த டிராக்டர் தாங்கும்?

செம்மண்மேடு:
எல்லோருக்கும் வணக்கம். ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்கு வடக்கே 5 ஏக்கரில் வீடு வாங்கியிருக்கிறோம். வீடு, மரங்கள் போக 4 ஏக்கர் பெர்முடா புல், பின்பக்கம் ஓடையை நோக்கிச் சரிவு. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வாரத்துக்கு ஒரு தடவை வெட்டாவிட்டால் காடாகிவிடும் என்கிறார்கள். பெரிய கடைகளில் 42 அங்குல டெக் (அடியில் பிளேடு சுழலும் கூடு) வைத்த லான் டிராக்டர் 2,000 டாலர் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. டீலரிடம் போனால் பார்க்க அதே மாதிரி இருக்கும் கார்டன் டிராக்டருக்கு மூன்று மடங்குக்கு மேல் சொல்கிறார், எச்பியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எதற்கு இந்த விலை? பத்து வருடமாவது உழைக்க வேண்டும்.

டென்னசிக்காரன்:
எச்பியை விடுங்க நண்பரே. சரிவு நிலத்தில் இந்த வண்டிகளில் பெரும்பாலும் முதலில் படுப்பது இன்ஜின் இல்லை, எண்ணெய் அழுத்தத்தால் பின்சக்கரத்தை ஓட்டுகிற ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன். கடை வண்டிகள் பலவற்றில் டஃப் டார்க் கே46 அல்லது அந்த ரகத்தில் ஒன்றுதான் இருக்கும். சமதளத்தில் ஒரு ஏக்கர் வெட்ட அது போதும், அதற்குத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் எண்ணெயை வடிக்க அடியில் ஒரு திருகுகூடக் கிடையாது, மொத்தத்தையும் வண்டியிலிருந்து இறக்கித்தான் மாற்ற வேண்டும். சரிவில் ஒரு மணி நேரம் ஏறி இறங்கினால் எண்ணெய் சூடேறி நீர்த்து, உள்ளே அழுத்தம் குறைந்து, மிதியை முழுக்க அழுத்தினாலும் வண்டி மேட்டில் தவழும். ஆறவிட்டால் திரும்பவும் ஒழுங்காக ஓடும், அதனால் பல பேர் சீசன் முழுக்கக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

டீலர் கேட்கிற கூடுதல் பணம் பெரும்பாலும் இங்கேதான் போகிறது: கனமான டிரான்ஸ்மிஷன், வார்ப்பிரும்பு முன் அச்சு, தடித்த சட்டம். ஜான் டியரில் எக்ஸ்500 வரிசையிலிருந்து பாருங்கள், இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் டிஃப் லாக் இருக்கிறதா என்று கேளுங்கள், ஈரச் செம்மண்ணில் அது பெரிய உதவி. டெக் 48 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். மணிக்கு 4 மைலில் போனால் திருப்பம், ஓவர்லேப் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்தில் ஒன்றரை ஏக்கர் ஆகும், அப்படியே உங்களுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

பைன்தோப்பு:
4 ஏக்கர் என்றதும் யாராவது ஜீரோ டர்ன் (நின்ற இடத்திலேயே திரும்பும் புல்வெட்டி வண்டி) வாங்கச் சொல்வார்கள். சமதளத்தில் வேகத்துக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை, சரிதான். ஆனால் அதன் முன்சக்கரங்கள் தள்ளுவண்டிச் சக்கரம் போலச் சும்மா சுழல்பவை, திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்கள்தான். ஈரப் புல்லில் அவை வழுக்கினால் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது, கீழே ஓடை வேறு இருக்கிறது என்கிறீர்கள். முதலில் போனில் சரிவை அளந்து பாருங்கள். பெரும்பாலான கையேடுகளில் 15 டிகிரிதான் எல்லை. உட்கார்ந்து ஓட்டும் டிராக்டரைச் சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்கே கூடாது. மழை விட்ட அன்று பின்பக்கம் போகவே வேண்டாம்.

பழையஇரும்பு:
புதிதுதான் வேண்டுமா? நல்ல கார்டன் டிராக்டர் பழையதாகவே கடை வண்டியை விட நாள் ஓடும். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு மேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், குளிர்ந்த வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஏறும். அப்புறம் இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிட்டு, கனமான கையுறையோடு பிளேடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் பிளேடைச் சுழற்றும் தண்டின் (ஸ்பிண்டில்) பேரிங் போயிருக்கிறது, அது சின்னச் செலவு. டெக்கின் உள்பக்கம் துரு தின்று ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் வேண்டாம். டிரான்ஸ்மிஷன் மேலே உள்ள விசிறியையும் பாருங்கள், காய்ந்த புல் அடைந்து இறுகிக் கிடந்தால் அது எப்போதும் கொதித்தே ஓடியிருக்கும்.

செம்மண்மேடு:
ரொம்ப நன்றி. அளந்துவிட்டேன், அதிகபட்சம் 11 டிகிரி. ஜீரோ டர்ன் யோசனையை விட்டாச்சு. குபோட்டா பிஎக்ஸ் மாதிரி சின்ன டீசல் டிராக்டர் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

டென்னசிக்காரன்:
மண் அள்ள, மரத்துண்டு தூக்க லோடரும் வேண்டும் என்றால் யோசிக்காமல் அதை வாங்குங்கள். புல் மட்டும்தான் என்றால் அந்த எடை ஈர மண்ணில் தடம் பதிக்கும், விலையும் அதிகம். கார்டன் டிராக்டரே போதும்.