குலசையில் 1,400 படம் எடுத்தேன், ஒன்றுகூட என்னுடையது மாதிரி இல்லை

விஸ்காம்_ரெண்டாம்_வருஷம்:

வணக்கம். சென்னையில் விஸ்காம் படிக்கிறேன். போன தசராவுக்கு நண்பர்களோடு பஸ் ஏறி குலசேகரன்பட்டினம் போய் இரண்டு நாளில் 1,400 படம் எடுத்தேன். திரும்பி வந்து லேப்டாப்பில் போட்டால் காளி வேடத்தின் முகம் குளோஸப்பில், நீட்டிய நாக்கு, பின்னால் மங்கலாகத் தீச்சட்டி, மாலை வெளிச்சத்தில் கடற்கரையில் ஓடும் குரங்கு வேடம்... எல்லாம் இன்ஸ்டாவில் ஏற்கெனவே பார்த்தவை. ஃபிரேம்கூட அதேதான்.

இது புதிதும் இல்லை. முதல் செமஸ்டரில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்டியர் பிரெஸ்ஸன் பைத்தியம் பிடித்து, அவர் 50 எம்எம் லென்ஸ் வைத்திருந்தார் என்பதற்காக நானும் ஒரு 50 எம்எம் வாங்கி (என் கேமராவில் இருக்கும் சின்ன சைஸ் கிராப் சென்சாரில் அது 75 மாதிரி நடந்துகொள்ளும் என்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது), அவருடைய பிரபலமான படத்தில் ஒருத்தர் தேங்கிய தண்ணீரைத் தாண்டுவது மாதிரி, மயிலாப்பூர் குளத்தங்கரையில் யாராவது எதையாவது தாண்ட மாட்டார்களா என்று மூன்று மாதம் காத்துக் கிடந்தேன். அப்புறம் நம் நாட்டுப் புகைப்படக்காரர் ரகு ராய். எல்லாவற்றையும் கருப்பு வெள்ளை ஆக்கினேன்.

பெரிய ஆட்களைப் பார்த்துப் பார்த்து எடுப்பது வளர்ச்சியா, இல்லை கையைக் கட்டிப்போடுகிறதா? பார்ப்பதையே கொஞ்ச நாள் நிறுத்திவிடலாமா?

மதுரை_கேண்டிட்:

தம்பி, காப்பி அடிப்பதில் தப்பே இல்லை, நான் கல்யாண வீட்டில் இன்னொருத்தர் ஆல்பத்தை மனப்பாடம் செய்துதான் தொழில் கற்றேன். உன் சிக்கல் எடுப்பதில் இல்லை, பொறுக்குவதில் இருக்கிறது. ராபர்ட் ஃபிராங்க் என்ற புகைப்படக்காரர் 1955, 56-இல் அமெரிக்காவைச் சுற்றி 27,000 ஃபிரேமுக்கு மேல் எடுத்தார், 'தி அமெரிக்கன்ஸ்' என்ற அவர் புத்தகத்துக்குப் போனது 83. நீ 1,400-இல் எதை எடுத்து வைத்தாய்? லைக் விழும் என்று தோன்றியதைத்தானே? ஒரு நூறு படத்தை லேபில் மேக்ஸி சைஸ் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பு. எங்கோ பார்த்த மாதிரி இருப்பதையெல்லாம் தள்ளு. தோற்றுப் போனது என்று நினைத்தவற்றை மட்டும் தள்ளாதே.

உடன்குடிக்காரன்:

கேமரா பற்றி எனக்குத் தெரியாது, ஊர் பக்கத்தில் என்பதால் எழுதுகிறேன். என் சித்தப்பா காளி வேடம் போடுகிறவர். மாலை போட்டு, வாரக்கணக்கில் விரதம் இருந்து, ஊர் ஊராகத் தர்மம் எடுத்து அதைக் கோயிலில் சேர்க்கிறார். அருள் வந்து ஆடும்போது முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டிக்கொண்டு பத்துப் பேர் முட்டுகிறார்கள், ஒருத்தன் இன்னொரு தடவை நாக்கை நீட்டச் சொன்னான். இத்தனை வருடத்தில் அவர் பேரை ஒருத்தரும் கேட்டதில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் நின்று ஒரே நேரத்தில் எடுத்தால் படம் ஒரே மாதிரி இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

பழைய_இருட்டறை:

உடன்குடிக்காரர் சொன்னதும் அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரோதியா லாங் ஞாபகம் வந்தது. 1936 மார்ச்சில், கலிஃபோர்னியா நிப்போமோ பக்கம், பட்டாணி பறிப்பவர்கள் முகாம் என்ற பலகையைப் பார்த்தும் நிற்காமல் 20 மைல் போய்விட்டு, மனசு கேட்காமல் காரைத் திருப்பிக்கொண்டு வந்தார். பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் ஏழைத் தாயின் அந்தப் பிரபலமான படம் ('மைக்ரன்ட் மதர்') அப்படிக் கிடைத்ததுதான். இதை எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். அந்தப் பெண்ணின் பேரைத் தான் கேட்கவே இல்லை என்று லாங்கே பின்னால் எழுதியதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஃபுளோரன்ஸ் தாம்சன் என்று ஊருக்குத் தெரிய 1978 ஆனது, அவருக்கு அந்தப் படத்தின் மேல் வருத்தமும் இருந்தது. அதற்காக லாங் மோசம் என்று சொல்ல வரவில்லை. பார்ப்பதை நிறுத்தாதே, படத்தோடு சேர்த்து அவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்றும் பார். பிரெஸ்ஸனை லென்ஸை வைத்துப் பிடிக்கப் பார்த்தாய். அவர் முதலில் ஆந்த்ரே லோத்திடம் ஓவியம் படித்தவர், வயதான பிறகு கேமராவை ஓரம் வைத்து மறுபடி வரையவே போனார். அந்தக் கண் கடையில் விற்காது.

சும்மா_ஒருத்தன்:

இரண்டாம் வருடத்தில் ஸ்டைல் இல்லை என்று கவலையா? எனக்கு 43 வயது, இன்னும் இல்லை. லென்ஸை மட்டும் விற்றுவிடாதே.

விஸ்காம்_ரெண்டாம்_வருஷம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ஹாஸ்டல் தரையில் பரப்பிப் பார்த்தோம். தள்ளியது போக 9 மிஞ்சியது, அதில் பாதி கை ஆடி ஷேக் ஆனவை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: கோயிலுக்குப் பின்னால் ஒரு சுவர் ஓரம், காளி வேடத்தின் மரக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பையன் தூங்குகிறான். வழி கேட்க நின்றபோது எடுத்தது, எடுத்த ஞாபகம்கூட இல்லை. அவன் பேர் தெரியாது. உடன்குடி அண்ணா, இந்த வருடம் திருவிழாவுக்கு முன்பே வரலாமா, சித்தப்பா ஒத்துக்கொள்வாரா?

உடன்குடிக்காரன்:

கேட்டுவிட்டேன், வரச் சொன்னார். கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வா. முதல் இரண்டு நாள் கேமரா பையிலேயே இருக்கட்டும், தர்மம் எடுக்கக் கூடவே நட, வெயில் இருக்கும். அந்தப் பையன் படத்தை பிரிண்ட் போட்டுக் கொண்டுவா, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்போம்.