புதுப்பிப்பு: ஜீப் கிராண்ட் செரோக்கி எஸ்ஆர்டி8, கால் மைல் ஓட்டம்

நின்ற இடத்திலிருந்து கால் மைலை (சுமார் 400 மீட்டர்) 13.62 விநாடிக்குக் குறைவாக ஓட மறுத்த என் 2006 வண்டியைப் பற்றிச் சென்ற மாதம் எழுதி, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். நேற்றிரவு 13.38! காற்று வடிகட்டி தவிர எல்லாமே தொழிற்சாலையில் வந்தபடிதான், 6.1 லிட்டர் ஹெமி எஞ்சினைத் தொடவே இல்லை.

உங்களில் பலர் சொன்னதுபோல், வெப்பம்தான் எதிரி. ஓட்டங்களுக்கு இடையே முக்கால் மணி நேரம் பானட்டைத் திறந்து எஞ்சினை ஆறவிட்டேன். முதல் 60 அடியைக் கடக்கும் நேரம் 2.08 விநாடியிலிருந்து 1.97 ஆனது. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி நான்கு சக்கரங்களாலும் தரையைப் பற்றிக்கொண்டு பாயும் அந்தக் கணம், அடடா! சாதாரணச் சாலை டயர் என்பதால், நீர் தெளித்த இடத்தில் (பந்தய டயரைச் சுழற்றிச் சூடாக்கும் இடம்) ஏறாமல் விலகித் தொடக்கக் கோட்டுக்கு வந்தேன்.

ஒன்று மறக்காதீர்கள்: என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் பந்தய அமைப்பு) விதிப்படி கால் மைலை 13.99 விநாடியில் அல்லது அதைவிட வேகமாக ஓடினால் தலைக்கவசம் கட்டாயம். அடுத்து, தேவையில்லாத எடையை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்க்கிறேன்.