சமன்பாடு வருகிறது, விளக்கு ஏன் மங்கியது என்பது வருவதில்லை: வகுப்பறை அனுபவங்கள்

மின்னியல் விரிவுரையாளர்:
முதலாண்டு மின்சுற்றுப் பாடத்தில் கிர்க்காஃப் விதிகளை (மின்னோட்டமும் மின்னழுத்தமும் சுற்றில் எப்படிப் பகிரப்படும் என்று கணக்கிட உதவுபவை) முடித்த கையோடு, கணக்கே போடத் தேவையில்லாத ஒரு கேள்வியைக் கரும்பலகையில் வரைவது என் வழக்கம். ஒரே மாதிரியான மூன்று விளக்குகளில் 'அ' மின்கலத்தோடு தொடரிணைப்பிலும், அதற்கடுத்து 'ஆ', 'இ' இரண்டும் பக்க இணைப்பிலும் இருக்கின்றன. 'இ'யைக் கழற்றினால் மற்ற இரண்டும் எப்படி எரியும்? பக்கம் பக்கமாகச் சமன்பாடு தீர்க்கும் மாணவர்களில் பலர், மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும் என்று நம்பி, 'அ'வில் மாற்றமில்லை என்கிறார்கள். உண்மையில் மொத்த மின்தடை கூடுவதால் 'அ' மங்கும். 'ஆ'வுக்குக் கிடைக்கும் மின்னழுத்தமோ (விளக்குகளின் மின்தடை மாறாது என்று கொண்டால்) மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக உயர்வதால் அது முன்னிலும் பிரகாசமாக எரியும்.

விடையை நான் சொல்வதில்லை. கை தூக்கச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு வாதிடவிட்டு, மீண்டும் கை தூக்கச் சொல்கிறேன். ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களில் இயற்பியல் வகுப்பில் பரப்பிய முறைதான் இது. "ஒரு வழியை அடைச்சாச்சு, அப்புறம் அதே அளவு எப்படி ஓடும்?" என்று ஒரு மாணவி தோழியிடம் கேட்டது, என் விளக்கத்தைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தது.

இயந்திரவியல் ஆசிரியர்:
மேலே எழுதியவரின் முறையையே நானும் பின்பற்றுகிறேன். ஆனால் பருவ முடிவில் வந்த கருத்துப் படிவங்களில், 'ஆசிரியர் பாடமே நடத்துவதில்லை, எங்களையே பேசவிடுகிறார்' என்று எழுதியிருந்தார்கள். துறைத் தலைவரும் விளக்கம் கேட்டார். ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் நடத்தி 2019இல் வெளியான ஆய்வை அவரிடம் காட்டினேன்: மாணவர்களே பேசியும் செய்தும் கற்கும் செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் கூடுதலாகப் பெற்றிருந்தும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். 225 ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரையும் கையில் இருந்தது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் வெறும் விரிவுரை கேட்டவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்கிறது அது. படித்துவிட்டு, "சரி, பாடத்திட்டத்தை முடித்துவிடுவீர்களா?" என்றார். நியாயமான கேள்விதான். வரையறைகளையும் சூத்திர வருவிப்புகளையும் முன்கூட்டியே படித்து வரச் சொல்லிச் சமாளிக்கிறேன். படிக்காமல் வருபவர்களை என்ன செய்வது என்பதற்கு இன்னும் நல்ல வழி அகப்படவில்லை.

பொருளறிவியல் ஆய்வகப் பொறுப்பாளர்:
எங்கள் சிக்கல் வேறு. உலோகத் துண்டை அறும்வரை இழுத்துப் பார்க்கும் இழுவிசைச் சோதனையின் அளவீடுகள் மூத்த மாணவர்களின் பதிவேட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தன. இப்போது பெயர் குறிப்பிடாத உலோகத் துண்டுகளைக் கொடுத்து, வரைபடத்தை வைத்துப் பொருளைக் கண்டுபிடிக்கச் சொல்கிறோம். மென் எஃகில் தெளிவாகத் தெரியும் நெகிழ்வுப் புள்ளி (உலோகம் நிரந்தரமாக நீளத் தொடங்கும் இடம்) அலுமினியத்தில் அப்படித் தெரியாது என்பதால், பழைய பதிவேடு உதவுவதில்லை. ஒவ்வொரு குழுவின் எண்ணும் வேறாக இருப்பதால் திருத்தத்தான் கூடுதல் நேரம் பிடிக்கிறது.