இன்ஜினுக்குப் பின்னால் கசியும் ஹீட்டர் ஹோஸ், கையே நுழையவில்லை

குன்னூர்க்காரன்:
பழைய டீசல் ஜீப். ஹீட்டர் ஹோஸ் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தடுப்புச் சுவர்) ஓரம் கசிகிறது. கிளாம்ப் திருகு சுவரைப் பார்த்து இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவர் போகாது. இன்ஜினை இறக்கணும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா? டிசம்பர் பனியில் ஹீட்டர் இல்லாமல் கண்ணாடி தெளியாது. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும்.

டீசல்மணி:
இன்ஜினைத் தொட விடாதீர்கள் அண்ணே! முதலில் உள்ளே காலடி விரிப்பைத் தடவிப் பாருங்கள். ஈரமும் இனிப்பு வாடையும் இருந்தால் போனது ஹோஸ் அல்ல, ஹீட்டர் கோர், அதாவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்.

ஹோஸ்தான் என்றால், இன்ஜின் நன்றாக ஆறியதும் கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வடித்துவிட்டு ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றுங்கள், கை போகும். கிளாம்ப் திருகின் தலை பெரும்பாலும் அறுகோணம்தான். வளையும் தண்டுள்ள நட் டிரைவர் போதும். அப்புறம் முக்கியமானது: ஹோஸை முறுக்கி இழுக்கவே கூடாது. கோர் குழாய் மெல்லிசு, ஒடிந்தால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும். பிளேடால் நீளவாக்கில் லேசாகக் கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி உரித்தெடுங்கள். புது கிளாம்ப்பின் திருகு உங்கள் பக்கம் இருக்கட்டும்.

மலைப்பாதை:
டீசல் போகும் ஹோஸில் ஒரு துண்டை வெட்டி இதற்கு மாட்டிவிடாதீர்கள், கூலன்ட் ஹோஸே வேண்டும். உள்விட்டம் அளந்து வாங்குங்கள். இரண்டு ஹோஸையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

குன்னூர்க்காரன்:
விரிப்பு காய்ந்துதான் இருக்கிறது. கூலன்ட் நிரப்பும்போது காற்று அடைக்காதா?

டீசல்மணி:
ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றி, மூடி திறந்தபடியே ஐடிலில் ஓட விடுங்கள். குமிழி நின்றதும் மூடலாம். ஆறிய பிறகு மட்டம் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும்.