ஒற்றைக் குதிரைக்கு முழுப் பாயிண்ட்! அப்பீல் பண்ணலாமா?

லாஸ்பேட்டை_சிப்பாய்: அவசரம். நேற்று பாண்டியில் ஒரு ரேபிட் (வேக) செஸ் போட்டி, கடைசி ரவுண்டு. என் ஃப்ளாக் விழுந்துவிட்டது, அதாவது நேரம் தீர்ந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிராளியிடம் ராஜாவும் ஒரு குதிரையும்தான். அதை வைத்து செக்மேட் பண்ண முடியாது என்று சின்னப் பையனுக்கும் தெரியும். ஆர்பிட்டர் (நடுவர்) அவருக்கு முழுப் பாயிண்ட் போட்டுவிட்டார். ஆன்லைனில், செஸ்.காமில் டிராதானே வரும்?

மஞ்சக்குப்பத்தான்: உங்களிடம் என்ன இருந்தது?

எண்ட்கேம்_பைத்தியம்: இன்க்ரிமெண்ட், அதாவது ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடும் வினாடிகள், உண்டா? கடிகாரத்தைச் சரியாக செட் பண்ணியிருக்க மாட்டார்கள். எங்கள் கிளப்பிலும் இதே கூத்துதான்.

பழைய_பலகை: விதியைப் படிக்காமல் போட்டிக்கு வந்தால் இப்படித்தான். உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் விதி 6.9. எந்த வழியில் ஆடினாலும் எதிராளியால் மேட் பண்ணவே முடியாது என்றால்தான் டிரா. கஷ்டமா, சுலபமா என்பது கேள்வியே இல்லை. தம்பியிடம் சிப்பாய் இருந்ததா?

லாஸ்பேட்டை_சிப்பாய்: ஏ ஓரத்தில் ஒன்று இருந்தது. நான் கறுப்பு. ஜெயிக்க வேண்டிய ஆட்டம் சார்!

தென்பெண்ணை: அந்தச் சிப்பாய்தான் வினை. உங்கள் ராஜா ஏ1, சிப்பாய் ஏ2. வெள்ளை ராஜா சி1, குதிரை பி3. மேட். உங்கள் ராஜா தப்பும் கட்டத்தை உங்கள் சிப்பாயே அடைத்துவிடுகிறது. புத்தியுள்ளவர் யாரும் அப்படிப் போய் மாட்டமாட்டார், ஆனால் வழி இருக்கிறதே. உங்களிடம் வெறும் ராஜா மட்டும் இருந்திருந்தால் டிரா. சிப்பாய் ராணியாகி, ராஜாவும் ராணியும் மட்டும் என்றாலும் டிரா! செஸ்.காம் ஒற்றைக் குதிரை என்றாலே டிரா கொடுத்துவிடும். இன்னொரு ஆன்லைன் தளமான லிசெஸ்ஸில் இதே நிலையில் தோல்விதான்.

எண்ட்கேம்_பைத்தியம்: விதி கிடக்கட்டும். குதிரைக்காரர் டிராவுக்குச் சம்மதித்திருக்கலாம். மனசாட்சி வேண்டாமா?

பழைய_பலகை: மனசாட்சிக்கு டைபிரேக்கில் பாயிண்ட் கிடையாது.

மஞ்சக்குப்பத்தான்: கடலூரில் யானையைத் தொட்டுவிட்டு, அதை ஆடாமல் தப்பிக்க "சரி செய்கிறேன்" என்றவர் பேசுகிறார்.

பழைய_பலகை: தொடுவதற்கு முன்பே சொன்னேன்.

மஞ்சக்குப்பத்தான்: பக்கத்து போர்டில் நான்தான் உட்கார்ந்திருந்தேன் ஐயா. கை போய்விட்டது, அப்புறம்தான் வாய் திறந்தது. தொட்ட பிறகு சொன்னால் செல்லாது, இதுவும் விதிதானே?

பழைய_பலகை: ஆர்பிட்டரே ஒத்துக்கொண்டார். உமக்கென்ன?

தென்பெண்ணை: இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள். தம்பி, இன்க்ரிமெண்ட் இருந்ததா, சொல்லவே இல்லையே?

லாஸ்பேட்டை_சிப்பாய்: இல்லை, 25 நிமிடம் மட்டும். அப்பீல் பண்ணவில்லை. பலகையில் அந்த மேட்டை வைத்துப் பார்த்தேன், வருகிறது.